ஆனந்த பவனத்தின் மருமகள்
அன்னை கமலா நேருவின் இளமைக் காலம்

நாட்டை ஆண்ட தலைவர்களின் பெயர்களை நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அத்தலைவர்களைப் பத்துத் திங்கள் சுமந்து பெற்ற தாய்மாரின் பெயர்களைக் கேட்டால் பெரியவர்களும் சற்றே தயங்குவர். 1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பாரதத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற இந்திரா காந்தி அம்மையாரை அறியாதவர் நம்மில் இலர். அவருடைய தந்தையார் பண்டித ஜவாஹர்லால் நேருவையும் பாட்டனார் மோதிலால் நேருவையும் வரலாறு விரிவாகவே எழுதி வைத்துள்ளது. அன்னையார் கமலா நேரு பெரும்பாலும் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றார். முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த அவ்வம்மையாரின் இளமைக் காலத்தை, தாய்மையைத் தெய்வமாகப் போற்றும் அன்பர்களின் பார்வைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய தில்லியில் ஒரு பெண் குழந்தை

கமலா 1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் தில்லி மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜவாஹர்மல் கவுல், தாயார் ராஜ்பதி. காஷ்மீரப் பள்ளத்தாக்கினின்றும் பல தலைமுறைகளுக்கு முன்னர் வெளியேறி, வட இந்தியச் சமவெளி நகரங்களில் குடியமர்ந்த பண்டிதர் மரபைச் சேர்ந்தது அக்குடும்பம். நான்கு பிள்ளைகளில் கமலாவே மூத்தவர். அவருக்குப் பின் இரு தம்பியரும் ஒரு தங்கையும் பிறந்தனர். தம்பியருள் ஒருவரான கைலாஸ்நாத் கவுல் பிற்காலத்தில் இந்தியாவின் பெயர் பெற்ற தாவரவியல் அறிஞராக விளங்கினார்.

அக்காலத்து உயர்குடிப் பெண்களைப் போலவே கமலாவும் பள்ளிக்குச் சென்று படிக்கவில்லை. வீட்டிற்கு வந்த பண்டிதர் ஒருவர் இந்தியையும், மௌல்வி ஒருவர் உருதுவையும் கற்பித்தனர். ஒன்று இடப்புறமிருந்தும் மற்றொன்று வலப்புறமிருந்தும் எழுதப்படும் இருவேறு எழுத்துகளை அச்சிறுமி பழுதறக் கற்றார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அக்காலத்தில் இது சிறிய கல்வியன்று. எனினும் ஆங்கிலம் மட்டும் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் அதற்குத் தேவையும் எழவில்லை. பூசையும் விரதமும் பெரியோரை வணங்கும் பழக்கமும் நிறைந்த அமைதியான சூழலில் அவர் வளர்ந்தார்.

மணமகன் தேர்வும் மணநாளும்

அலகாபாத் நகரில் அந்நாளில் முதல் வரிசையில் நின்ற வழக்கறிஞர் மோதிலால் நேரு. அவர் தம் ஒரே மகனை 1905ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று ஹாரோ பள்ளியில் சேர்த்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிலும், இலண்டனில் சட்டமும் பயின்ற ஜவாஹர்லால் 1912ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். சமவெளியில் வாழ்ந்த காஷ்மீரப் பண்டிதர்களின் தொகை குறைவு. தம் இனத்திற்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்தனர். மகன் அயல்நாட்டில் இருந்தபோதே பெற்றோர் பெண் தேடத் தொடங்கிவிட்டனர். கமலாவைக் கண்ட மோதிலாலுக்கு அப்பெண்ணின் அழகும் அடக்கமும் மிகவும் பிடித்துப் போயின. கமலாவுக்குப் பதின்மூன்று வயதை ஒட்டிய காலத்திலேயே பேச்சு முடிவாயிற்று.

மேனாட்டு முறையில் வாழ்ந்த குடும்பத்திற்கு ஏற்ற மருமகளாக அவர் வர வேண்டும் என மோதிலால் விரும்பினார். ஆகவே திருமணத்திற்கு முன்னரே கமலா அலகாபாத்திலிருந்த உறவினர் வீட்டிற்கு வரவழைக்கப்பட்டார். நேரு இல்லத்தில் பணியாற்றிய ஆங்கில ஆசிரியையிடம் ஆங்கிலமும் மேசை நாகரிகமும் பயின்றார். கத்தியையும் முள்கரண்டியையும் பிடிக்கும் முறை, விருந்தினரோடு உரையாடும் முறை என ஒவ்வொன்றாக அப்பெண் கற்க வேண்டியிருந்தது. தாய்வீட்டில் கற்ற அனைத்தும் போதா என்பதை ஓர் இளம்பெண் அறிந்துகொண்ட முதல் பாடம் அதுவாகவே இருந்திருக்கும்.

1916ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், கலைமகளுக்குரிய வசந்த பஞ்சமித் திருநாளில், தில்லியில் திருமணம் நடந்தேறியது. மணமகன் வீட்டார் அலகாபாத்திலிருந்து தனி இரயில் வண்டியில் வந்து இறங்கினர். அவர்கள் தங்குவதற்குக் கூடாரங்களாலான ஒரு சிற்றூரே எழுப்பப்பட்டது. பழைய தில்லியின் சீதாராம் பஜாரிலிருந்த ஹக்சர் மாளிகையில் மணச்சடங்குகள் நிகழ்ந்தன. மணமகனுக்கு இருபத்தாறு வயது, மணமகளுக்குப் பதினாறு.

இரு அடுக்களைகள் கொண்ட மாளிகை

கமலா புகுந்த இல்லத்தின் பெயர் ஆனந்த பவனம். மின்விளக்கும் குழாய்நீரும் நீச்சல் குளமும் கொண்ட பெரும் மாளிகை அது. அங்கு இரு அடுக்களைகள் இருந்தன. ஒன்றில் மேனாட்டு உணவு சமைக்கப்பட்டு, மோதிலாலின் விருந்து மேசைக்குச் சென்றது. மற்றொன்றில் மாமியார் சொரூபராணி அம்மையாரின் ஆசாரப்படி உள்நாட்டு உணவு சமைக்கப்பட்டது. ஒரே கூரையின்கீழ் இரு உலகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. புதிய மருமகள் இவ்விரு உலகங்களுக்கும் நடுவில் நிற்க நேர்ந்தது.

மூத்த நாத்தனார் சொரூப், பிற்காலத்தில் விஜயலட்சுமி பண்டிட் எனப் புகழ்பெற்றவர், கமலாவைவிட ஓராண்டு இளையவர். ஆங்கில ஆசிரியையின் மடியில் வளர்ந்தவராதலின் ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி போல வந்தது. விருந்து மேசையில் பேச்சு விரைந்து செல்கையில் கமலா வாய் திறவாது அமர்ந்திருப்பார். அவரது மௌனத்தை அறியாமை என்று எண்ணியவர்கள் அவ்வீட்டில் இருந்தனர். சொல்லம்புகள் அவர்மீது விழுந்தன. கணவரோ பொதுவாழ்வின் பக்கம் மெல்ல மெல்ல ஈர்க்கப்பட்டு வந்தார். திருமணமான அவ்வாண்டுக் கோடையில் குடும்பத்தார் அனைவரும் காஷ்மீரம் சென்றபோதுகூட, ஜவாஹர்லால் தம் உறவினர் ஒருவருடன் லடாக் செல்லும் பாதையில் பல வாரம் மலையேறச் சென்றுவிட்டார். அத்தொடக்க ஆண்டுகளில் மனைவியைத் தாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று அவரே பின்னாளில் தம் நூலில் வருந்தி எழுதியுள்ளார்.

இவ்விடத்தில் ஒரு சொல். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர்ப் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்த என் போன்றோர்க்குக் கமலாவின் மௌனம் எளிதில் விளங்கும். விடை தெரிந்திருந்தும், அதனைச் சொல்ல வேண்டிய மொழி நாவில் வராமையால் தலைகுனிந்து அமர்ந்திருந்த நாள்கள் எங்களுக்கும் உண்டு. ஒருவர் எம்மொழியில் தடுமாறுகின்றார் என்பதைக் கொண்டு அவர்தம் அறிவை அளப்பது எத்துணைப் பிழையான அளவுகோல் என்பதற்குக் கமலாவின் பிற்கால வாழ்வே சான்றாக நிற்கின்றது.

மகள் பிறந்தாள்

1917ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஆனந்த பவனத்தில் இந்திரா பிறந்தார். பேரனை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தமையால் பாட்டியாருக்கு ஏமாற்றம் உண்டாயிற்று. மோதிலாலோ, இப்பேத்தி ஆயிரம் பேரன்களினும் மேம்பட்டவளாக வரக்கூடும் என்னும் பொருள்பட உரைத்து அனைவரையும் அமைதிப்படுத்தினார். தம் தாயார் இந்திராணியின் நினைவாகவே பேத்திக்கு அப்பெயரைச் சூட்டினார். அப்போது கமலாவுக்கு வயது பதினெட்டு.

இந்திரா வளர்ந்த ஆண்டுகளில் தாயின் மனவேதனையைக் கண்ணெதிரே கண்டார். அன்னை புண்பட்டதைப் பார்த்ததனால், தாம் ஒருநாளும் புண்பட்டு நிற்கலாகாது என்று உறுதி பூண்டதாகப் பின்னாளில் அவர் கூறியதுண்டு. உலகம் வியந்த அவ்விரும்பு நெஞ்சத்தின் வித்து இளமைக் காலத்து ஆனந்த பவனத்திலேயே ஊன்றப்பட்டது.

மாளிகை மாறியது

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக் திடலில் நிகழ்ந்த படுகொலை நாட்டையே உலுக்கியது. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் இறங்க ஜவாஹர்லால் துடித்தார். மகன் சிறை செல்வதை எண்ணவும் மோதிலாலால் முடியவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பல நாள் மனப்போராட்டம் நிகழ்ந்தது. அவ்வேளையில் கமலா கணவரின் பக்கம் உறுதியாக நின்றார்.

இக்காலத்தில்தான் அவருக்குக் காசநோயின் அறிகுறிகள் தோன்றத் தொடங்கின. 1920ஆம் ஆண்டு மே திங்களில், நலமற்றிருந்த தாயையும் மனைவியையும் ஜவாஹர்லால் முசௌரி மலை நகருக்கு அழைத்துச் சென்றார். அதே விடுதியில் ஆப்கானியத் தூதுக் குழுவினரும் தங்கியிருந்தமையால், அவர்களோடு தொடர்பு கொள்வதில்லை என உறுதிமொழி தருமாறு அரசு கேட்டது. அவர் மறுத்தார், நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். அலகாபாத் திரும்பியிருந்தபோது, பிரதாப்கர் மாவட்டத்திலிருந்து கால்நடையாக வந்த உழவர்களைச் சந்தித்து, அவர்களுடன் சிற்றூர்களுக்குச் சென்றார். இந்திய உழவனின் வறுமையை நேரு முதன்முதலாக நேரில் கண்டது அப்பயணத்தில்தான். நோயுற்ற இரு பெண்டிருக்காக மேற்கொண்ட மலைப்பயணம் இவ்வாறு ஒரு தலைவரின் வாழ்வையே திருப்பிவிட்டது.

ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் மோதிலால் பெரும்பொருள் ஈட்டித் தந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். வெளிநாட்டுத் துணிகள் ஆனந்த பவனத்தின் முற்றத்திலேயே தீக்கிரையாயின. பட்டும் மென்துணியும் அணிந்தோர் முரட்டுக் கதராடைக்கு மாறினர். ஆடம்பர விருந்துகள் ஒழிந்தன. பணியாளர் தொகையும் குறைந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் தந்தையும் மகனும் ஒருசேரக் கைதாயினர்.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். எந்த மேனாட்டு நாகரிகத்தை அறியாதவர் என்று கமலா குறைத்து மதிக்கப்பட்டாரோ, அந்நாகரிகத்தை அம்மாளிகையே இப்போது கழற்றி எறிந்தது. தில்லியின் பழைய வீட்டில் அவர் கற்றிருந்த எளிமையும் பொறுமையும் நோன்பும் இப்போது அனைவருக்கும் தேவைப்பட்டன. பிறர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கமலாவுக்கு அந்த வருத்தம் இல்லை.

இழப்பும் நோயும் பயணமும்

1924ஆம் ஆண்டு நவம்பரில் கமலா ஓர் ஆண்மகவை ஈன்றார். குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தை சில நாள்களிலேயே கண் மூடியது. அத்துயரோடு நோயும் முற்றியது. இலக்னோவில் பல திங்கள் மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவர்களின் அறிவுரைப்படி 1926ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் கணவருடனும் எட்டு வயது மகளுடனும் பம்பாயில் கப்பலேறி ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் மொந்தானா மலை நலவாழ்வு இல்லத்திலும் சிகிச்சை நடந்தது.

படுக்கையிலிருந்தபோதும் அவர் சிந்தனை ஓயவில்லை. கணவரின் நண்பரான டாக்டர் சையத் மகமூதுக்கு எழுதிய கடிதங்களில், அவர் குடும்பத்துப் பெண்களுக்குக் கல்வி அளிக்க வேண்டும், திரைக்குப் பின்னே அவர்களை அடைத்து வைத்தல் ஆகாது என்று வற்புறுத்தினார். முறையான பள்ளிக் கல்வி கிடைக்கப் பெறாத ஒருவர், பிறர் வீட்டுப் பெண்களின் கல்விக்காக வாதாடினார். இல்லாமையை உணர்ந்தவரே பிறர்க்கு அது நேரலாகாது என எண்ணுவர் போலும்.

1927ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் கொழும்பு வழியாகத் தாயகம் திரும்பினர். நேரே வந்து சேர்ந்த இடம் சென்னை. அங்கு நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில் நேரு கலந்துகொண்டார்.

வீதியில் இறங்கிய வீராங்கனை

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 14ஆம் நாள் ஜவாஹர்லால் கைது செய்யப்பட்டார். அதுகாறும் பிறர் நிழலில் நின்ற கமலா அலகாபாத்தின் வீதிகளில் இறங்கினார். வெளிநாட்டுத் துணிக் கடைகள், மதுக்கடைகள் ஆகியவற்றின் முன்னே பெண்களைத் திரட்டி மறியல் செய்தார். வீட்டு வாயிலைத் தாண்டியறியாத பெண்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். கூட்டங்களில் அவர் மக்களறிந்த மொழியில் பேசினார். ஆங்கிலம் அங்கே எவருக்கும் தேவைப்படவில்லை. தடியடியில் காயமுற்ற தொண்டர்களுக்காக நேரு குடும்பத்தின் பழைய மாளிகையான சுயராஜ்ய பவனத்தில் சிறு மருத்துவமனை ஒன்றையும் நடத்தினார்.

ஒருநாள் கல்லூரி ஒன்றின் எதிரே கடும் வெயிலில் மறியல் செய்கையில் அவர் மயங்கி விழுந்தார். ஓடிவந்து உதவிய மாணவர் பெரோஸ் காந்தி. அன்று முதல் அவர் அக்குடும்பத்திற்கு நெருக்கமானார். பின்னர் 1942இல் இந்திராவை மணந்தவரும் அவரே.

1931ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கமலா கைதாகி இலக்னோ சிறையில் அடைக்கப்பட்டார். கணவர் சென்ற பாதையில் தாமும் செல்ல வாய்த்தது பற்றி அவர் பெருமிதமே கொண்டார். நோயுற்ற மாமனார் இறுதிக் கட்டத்தை நெருங்கியமையால் அம்மாத இறுதியில் விடுவிக்கப்பட்டார். பிப்ரவரி 6ஆம் நாள் மோதிலால் மறைந்தார். தாம் தேர்ந்தெடுத்த மருமகள் நாடு போற்றும் தொண்டராக உயர்ந்ததை அவர் கண்குளிரக் கண்ட பின்னரே கண் மூடினார்.

அவ்வாண்டிலேயே கமலா கணவருடனும் மகளுடனும் இலங்கை சென்று நுவரெலியாவில் ஓய்வெடுத்தார். பின்னர்த் தென்னாட்டில் பயணம் செய்து, முக்கடல் கூடும் கன்னியாகுமரியையும் கண்டார்.

அருள் நாட்டம்

ஜவாஹர்லால் சமயச் சடங்குகளில் நாட்டம் கொள்ளாதவர் என்பது யாவரும் அறிந்தது. கமலாவின் உள்ளமோ இளமை முதற்கொண்டே இறைவழியில் ஊறியது. நோயும் தனிமையும் அவரை மேலும் உள்நோக்கி அழைத்தன. இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடரும் பேலூர் மடத்தின் அன்றைய தலைவருமான சுவாமி சிவானந்தரிடம் அவர் மந்திர தீட்சை பெற்றார். ஆனந்தமயி அன்னையிடமும் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார். கணவரின் எண்ணம் வேறாக இருந்தபோதும் அவர் தம் வழிபாட்டைக் கைவிடவில்லை. கணவரோடு அதுபற்றிப் பிணக்கை வளர்க்கவுமில்லை. தாய்வீட்டுப் பூசையறையில் ஏற்றிய விளக்கை இறுதிவரை அணையாது காத்தார்.

நிறைவு

1935இல் சிகிச்சைக்காக மீண்டும் ஐரோப்பா அழைத்துச் செல்லப்பட்ட கமலா, 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் விடியற்காலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறைவனடி சேர்ந்தார். காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நேரு அந்நாளில்தான் தாயகம் புறப்படுவதாக இருந்தது. சில நாள் பொறுக்குமாறு மருத்துவர் சொன்னமையால் மனைவியின் அருகில் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அம்மையாரின் சாம்பல் அலகாபாத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கங்கையில் கரைக்கப்பட்டது. அவ்வாண்டில் வெளிவந்த தம் சுயசரிதையை நேரு மறைந்த மனைவிக்கே காணிக்கையாக்கினார். தொண்டர்களுக்காக அவர் நடத்திய சிறு மருத்துவமனையின் தொடர்ச்சியாக, கமலா நேரு நினைவு மருத்துவமனைக்குக் காந்தியடிகள் 1939இல் அடிக்கல் நாட்டினார். இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அந்நகரில் 1941இல் அது திறக்கப்பெற்றது.

அன்னை மறைந்த மறு ஆண்டு, 1937இல், நேரு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்தபோது உடன் வந்தவர் பத்தொன்பது வயது இந்திரா. தாயை இழந்த துயர் ஆறாத அப்பெண்ணை அன்று நம் முன்னோர் மாலையிட்டு வரவேற்றனர். பின்னொரு நாள் அவர் ஒரு பெருநாட்டையே ஆள்வார் என்பதை அக்கூட்டத்தில் எவர் அறிந்திருப்பர்?

ஆற்றல் மிக்க மகளின் பின்னே அமைதியான தாய் ஒருவர் நின்றார். அவர் ஆங்கிலம் அறியாமல் ஆனந்த பவனத்துள் நுழைந்தவர், அவமதிப்பைப் பொறுத்தவர், நேரம் வந்தபோது வீதிக்கு வந்து நின்றவர். நம் திருக்கோயில்களிலும் இத்தகைய தாய்மார் பலர் உளர். பெரிய படிப்போ அயல்மொழிப் புலமையோ இல்லாதவர்களாக, மடைப்பள்ளியில் காய் நறுக்கியும் பூத்தொடுத்தும் கோலமிட்டும் பணிபுரியும் அவர்களை நாம் பல வேளைகளில் பெயர் சொல்லி அழைப்பதுமில்லை. இத்திருவிழா நாள்களில் அவர்களுள் ஒருவரிடமேனும் அமர்ந்து, அவர் கடந்து வந்த பாதையைக் கேட்டறிவோமாக. நம் பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும். எல்லாம் வல்ல அம்பிகை தாய்க்குலத்திற்கு நிறைவான நலம் அருள்வாளாக.